என்ஜினை அணைத்துவிட்டு வேனுக்குள் குளிராமல் தூங்குவது: கொடைக்கானலுக்கு வேலைக்குப் போகும் மதுரை ஆட்களுக்கு முழு வழிகாட்டி

ஜனவரியில் மதுரையில் ராத்திரி 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே ராத்திரி, 120 கிலோமீட்டர் தள்ளி 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 8 டிகிரி வரை இறங்கும். வானம் தெளிந்த நாளில் அதற்கும் கீழே போய், பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழும். பிளம்பிங், சோலார் ஹீட்டர், கேமரா, பந்தல் என்று வேலைக்கு ஏறும் நம்ம ஆட்கள் பலர் ராத்திரி வண்டியிலேயே படுத்துவிடுகிறார்கள். சீசனில் ரூம் வாடகை கட்டுப்படியாகாது, சாமான்களை வண்டியில் விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது.

ஈகோ, ஓம்னி, விங்கர் மாதிரி மூடிய வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டாடா ஏஸ் போல பின்பக்கம் திறந்த வண்டியில் கேபினுக்குள் உட்கார்ந்தபடிதான் கண்ணயர முடியும். அதற்கான மாற்றத்தை அங்கங்கே சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வரிசை பிசகினால் எத்தனை கம்பளி வாங்கினாலும் உதவாது.

1. முதலில் என்ஜின் கணக்கு

"கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சூடாகிவிடாதா அண்ணே?" புதிதாக வருகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். சின்ன லோடு வண்டிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. அதில் என்ஜினை ஓட்டினால் சத்தமும் அதிர்வும் புகையும்தான் மிச்சம். ஏஸ், ஈகோ, ஓம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கடியில் இருப்பதால் சீட் மட்டும் சுடும். பின்னால் படுத்திருப்பவருக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. ஹீட்டர் உள்ள வண்டியிலும், நிறுத்தி வைத்து ஓடும் டீசல் என்ஜின் பெரிதாகச் சூடாவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் புகை. ஓடும் வண்டியின் புகை பின்னால் போய்விடும். நிற்கும் வண்டியின் புகை அடியிலேயே தங்கி, தரைத் தகட்டின் ஓட்டை, ஒயர் போகும் துளை, தேய்ந்த கதவு ரப்பர் வழியாக உள்ளே ஏறும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

2. மதுரையை விட்டுக் கிளம்பும் முன்

மலையில் கடை தேடிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். அங்கே ஸ்வெட்டரும் குல்லாவும் கிடைக்கும். கீழே சொல்லும் மற்ற சாமான்களை அந்த நேரத்தில் தேடி அலைய முடியாது.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் பெரிய அட்டைப்பெட்டி இரண்டு. வீட்டு உபயோகப் பொருள் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். தகர ஷெட்டில் வெயில் தாங்க அடிக்கிற அலுமினியம் பபுள் ஷீட், வண்டியின் தரைக்கும் எல்லாக் கண்ணாடிக்கும் போதுமான அளவு. ஒரு அங்குல கனத்தில் அடர்த்தியான ஃபோம் ஷீட் ஒன்று. கோரைப்பாய். ஆளுக்கு இரண்டு கம்பளி, விளக்குத்தூண் பக்கம் வாங்கிக்கொள்ளலாம். மெடிக்கலில் விற்கும் ரப்பர் ஒத்தடப் பை ஆளுக்கு ஒன்று. இரண்டு லிட்டர் பிளாஸ்க் ஒன்று. தடித்த ஜமுக்காளம், கயிறு, துணி மாட்டும் கிளிப். தூங்குவதற்கென்று தனியாக ஒரு செட் உடுப்பு, கம்பளி சாக்ஸ், மங்கி குல்லா, இவற்றைப் பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி வையுங்கள்.

மெத்தை வேண்டுமென்றால் இலவம்பஞ்சு நல்லது, எடையும் குறைவு. ஆனால் ஈரம் பட்டால் லேசில் காயாது, ஆகவே அது நேராகத் தகட்டின் மேல் படவே கூடாது.

கண்ணாடிகளுக்கான ஷீட்டை வீட்டு வாசலிலேயே அளந்து வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அது எந்தக் கண்ணாடிக்கு என்று மார்க்கரால் எழுதுங்கள். இருட்டில், விரைத்த விரல்களோடு இதைச் செய்வது எவ்வளவு எரிச்சல் என்று ஒரு தடவை பட்டவர்களுக்குத் தெரியும்.

3. வண்டியை எங்கே நிறுத்துவது

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு ஓடும். ஏரிக்கரை, புல்வெளி, ஓடைப் பக்கம் பார்க்க அழகாக இருக்கும். உறைபனி முதலில் விழுவதும் அங்கேதான். கொஞ்சம் மேடான, சமமான தரையில், காற்று அடிக்கும் பக்கம் ஒரு சுவர் இருக்கும்படி நிறுத்துங்கள். வேலை நடக்கிற லாட்ஜ் வளாகத்துக்குள்ளேயே அனுமதி கேட்டு நிறுத்துவது எல்லாவற்றிலும் நல்லது. கழிப்பறை, வெந்நீர், அவசரத்துக்கு ஓடிப்போக ஒரு கட்டடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

வளாகத்தில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். உங்கள் என்ஜின் அணைந்திருந்தாலும் கரண்ட் போனதும் அது ஓட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் வண்டி என்ஜினோடு நின்றாலும் இதே கதைதான். சங்கடப்படாமல் போய்ச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் வண்டியை நகர்த்துங்கள்.

காட் ரோட்டு வளைவுகளில் ஓரம்கட்டித் தூங்கவே கூடாது. மூடுபனியில் பின்னால் வருகிறவருக்கு உங்கள் வண்டி தெரியாது. ஊருக்குள்ளேயே காட்டெருமை நடமாடும். சாப்பாட்டுக் குப்பையை வண்டிக்கு வெளியே போட்டு அதை வரவழைக்காதீர்கள். சரிவாக இருந்தால் ஹேண்ட்பிரேக், கியர் இரண்டையும் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

வண்டியின் பக்கவாட்டுக் கதவு கிழக்கே பார்த்தபடி இருந்தால் காலையில் உபயோகம். ஏன் என்று கடைசியில் வரும்.

4. இருட்டும் முன் உடம்பு காய வேண்டும்

வேலை முடிந்ததும் வேர்த்த சட்டையோடு டீ குடித்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு, அதே உடுப்பில் கம்பளிக்குள் நுழைவதுதான் புது ஆட்களின் வழக்கம். அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சித்தான் காயும். வெயில் இறங்கும்போதே துடைத்துக்கொண்டு, கவரில் கட்டி வைத்த உடுப்புக்கு மாறுங்கள். பனியனும் சாக்ஸும் கண்டிப்பாக மாற வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், அதில் ஈரம் பிடித்தால் ராத்திரி முழுக்கப் போகாது.

ராத்திரிச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிடுங்கள். உடம்பு என்கிற ஹீட்டருக்கு அதுதான் டீசல். எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது, தாமதமானால் பல கடைகள் அடைத்துவிடுவார்கள்.

அப்புறம், "ஒரு கட்டிங் போட்டால் குளிர் தெரியாது" என்கிற பேச்சு. குளிர் தெரியாது என்பது உண்மைதான், அதுதான் ஆபத்து. சாராயம் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. முகமும் கையும் சூடானது போல இருக்கும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நடுங்க வேண்டிய நேரத்தில் உடம்பு சரியாக நடுங்காது. வண்டியில் படுக்கிற ராத்திரிக்கு அது வேண்டவே வேண்டாம்.

5. தரை: பாதி வேலை இங்கேதான்

"மேலே மூணு போர்வை போர்த்தியும் முதுகு சில்லுன்னே இருக்குண்ணே." இந்தப் புகாரைக் கேட்காத சீசனே கிடையாது. காரணம் எளிது. கம்பளி சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நீங்கள் படுத்ததும் உங்கள் எடையில் அடியில் உள்ள கம்பளி நசுங்கிவிடுகிறது, காற்று வெளியேறிவிடுகிறது. அதற்குக் கீழே இரும்புத் தகடு, தகட்டுக்குக் கீழே மலைக் காற்று. ராத்திரி முழுக்கத் தகடு உங்கள் முதுகிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நசுங்காத பொருள்கள் அடியில், நசுங்குகிற பொருள்கள் மேலே. வரிசை இப்படி:

தரையைப் பெருக்கி, ஈரமிருந்தால் துடையுங்கள். வேலைச் சாமான்களை ஒரு பக்கச் சுவரோரம் அடுக்குங்கள். அதனால் அந்தச் சுவரின் குளிரும் கொஞ்சம் தடுபடும். முதலில் பபுள் ஷீட். அது தண்ணீரை விடாது, தகட்டில் கோர்க்கும் ஈரம் மேலே ஏறாது. அதன் மேல் அட்டை, இரண்டு அடுக்கு, மேல் அடுக்கின் மடிப்பு கீழ் அடுக்கின் மடிப்போடு சேராதபடி. அப்புறம் ஃபோம் ஷீட். இதுதான் முக்கியமான அடுக்கு, இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கையால் அழுத்தினால் உள்ளங்கை தரையைத் தொடுகிற மாதிரி மெத்தென்ற ஸ்பாஞ்சு உதவாது, விறைப்பாக இருக்க வேண்டும். பிறகு கோரைப்பாய், கடைசியில் மெத்தையோ மடித்த கம்பளியோ.

விரித்ததும் ஒரு சோதனை. பத்து நிமிஷம் மல்லாந்து படுங்கள். இடுப்பும் தோளும் சில்லென்று இருந்தால் அடியில் இன்னும் ஒரு அட்டை போடுங்கள். ஆளுக்கு இரண்டு கம்பளிதான் இருக்கிறது, அடியில் ஃபோமும் இல்லை என்றால், ஒன்றை நாலாக மடித்து அடியில் போட்டு ஒன்றைப் போர்த்துங்கள். இரண்டையும் மேலே போர்த்துவதைவிட இது நன்றாக இருக்கும். நம்பாதவர்கள் ஒரு மணி நேரம் அப்படியும் ஒரு மணி நேரம் இப்படியும் படுத்துப் பார்க்கட்டும்.

சுவரை ஒட்டிப் படுக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கம்பளி தகட்டில் உரசினால் அந்த இடத்தில் நனைந்துவிடும்.

ஏஸ் கேபினில் தூங்குகிறவர்கள் சீட்டின் மேலும் முதுகுக்குப் பின்னாலும் ஃபோம் போட்டு, கால்களை ஒரு அட்டைப்பெட்டிக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கேபினில் கால் வைக்கும் தகடுதான் அதிகக் குளிர்ச்சி. வண்டியை நிறுத்திய உடனே உட்கார்ந்தால், சீட்டுக்கடியில் இருக்கும் என்ஜின் சூடு கொஞ்ச நேரம் ஓசியில் கிடைக்கும்.

6. இடத்தைச் சுருக்குங்கள்

முன் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே கயிறு கட்டி ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். முன் கண்ணாடி பெரியது, அதன் வழியாகத்தான் அதிகம் குளிரும். அந்தப் பகுதியைப் பிரித்துவிட்டால் உங்கள் உடம்பு பாதி வண்டியைச் சூடாக்கினால் போதும். பின்பக்கக் கண்ணாடிகளில் வெட்டி வைத்த ஷீட்டுகளைப் பொருத்துங்கள். கூரைக்கு அடியில் ஒரு போர்வையைத் தளர்த்தியாகக் கட்டினால் இன்னும் நல்லது. தெளிந்த வானத்தடியில் கூரைத் தகடு வெளிக்காற்றைவிடக் கூடக் குளிர்ந்துவிடும், போர்வை இருந்தால் அதில் கோர்க்கும் நீர் உங்கள் மேல் சொட்டாது.

7. ஆனால் காற்று வழியை அடைக்காதீர்கள்

இந்த இடத்தில்தான் எல்லோரும் வாதாடுவார்கள். இவ்வளவு பாடுபட்டு மூடிவிட்டு ஜன்னலைத் திறப்பதா என்று.

மூச்சில் வெளியேறும் ஈரம் ஒரு ராத்திரிக்கு ஒரு டம்ளருக்குக் குறையாது. இரண்டு பேர் என்றால் இரண்டு டம்ளர். முழுக்க அடைத்த வண்டியில் அது கண்ணாடியிலும் தகட்டிலும் படிந்து, விடியற்காலையில் கம்பளியில் இறங்கும். நனைந்த கம்பளி பாதி கம்பளி. அதனால் ஒரு பக்கம் ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் இன்னொன்று, இரண்டும் ஒவ்வொரு விரல் அகலம் திறந்திருக்கட்டும். காற்று நேராக அடிக்கும் பக்கத்தைத் தவிர்த்து, தலைக்கு நேராக இல்லாத ஜன்னலாகப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் குளிரத்தான் செய்யும். காய்ந்த கம்பளிக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டில்லை.

இதே காரணத்துக்காக முகத்தையும் போர்வைக்குள் இழுக்காதீர்கள். மூக்கு குளிர்ந்தால் மங்கி குல்லாவை இறக்கிவிட்டுக்கொள்ளலாம்.

8. சூடு எங்கிருந்து

தூங்கும் மனிதரின் உடம்பிலிருந்து சுமார் 70 முதல் 80 வாட் சூடு வந்துகொண்டே இருக்கிறது, ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு. இதுவரை செய்ததெல்லாம் அதைப் பிடித்து வைக்கத்தான். மேற்கொண்டு வேண்டியது கொஞ்சம்தான்.

சிக்கனமான வழி வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீர் 80 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 50 வாட் மணி சூட்டைத் தருகிறது, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 50 வாட் அளவு. லாட்ஜ் சமையலறையிலோ டீக்கடையிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்தடப் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பர் போய்விடும், சற்று ஆறவிடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதிக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஒரு துண்டில் சுற்றுங்கள். தூக்கத்தில் தோல் வெந்தால் தெரியாது, அதனால் துண்டு கட்டாயம். படுக்கும் முன்பே கம்பளிக்குள் போட்டு வைத்து, படுத்ததும் வயிற்றோரம், அப்புறம் காலடிக்குத் தள்ளிவிடுங்கள்.

சிலர் பிளாஸ்க்கையே கட்டிப்பிடித்துப் படுப்பார்கள். சூட்டை வெளியே விடாமல் இருக்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்! அதன் வேலை வேறு. ராத்திரியில் அதிகக் குளிர் விடியலை ஒட்டிய நேரம். முதல் பை ஆறிய பிறகு, மூன்று நான்கு மணிக்கு, இரண்டாம் தடவை ஊற்றப் பிளாஸ்க்கில் உள்ள தண்ணீரை வையுங்கள். அதைப் பேசிக்கொண்டே டீ போட்டுத் தீர்த்துவிட்டு விடியலில் நடுங்குவது வழக்கமான கதை.

மின்சார ஹீட்டிங் பேட் வேண்டும் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன வண்டியின் பேட்டரி 12 வோல்ட், 40 ஆம்பியர் மணி என்றால் மொத்தம் 480 வாட் மணி. 60 வாட் பேட் எட்டு மணி நேரத்தில் சரியாக அவ்வளவையும் குடித்துவிடும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. குளிரில் பேட்டரியின் பலமும் குறையும். தனியாக ஒரு 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் சுமார் 1,200 வாட் மணி கிடைக்கும், ஆள் ஒருவருக்குத் தாராளம். ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரின் ஆசிட் பேட்டரியை ஏற்றாதீர்கள், வளைவுகளில் ஆசிட் சிந்தும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும்.

இன்வெர்ட்டரில் 1,500 வாட் ரூம் ஹீட்டர் மாட்டும் யோசனையும் வரும். 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த லித்தியம் பேட்டரியே ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, ஒயர் மெலிதாக இருந்தால் தீப்பிடிக்கும்.

9. வண்டிக்குள் எரியக் கூடாதவை

கரி அடுப்பு, கணப்புச் சட்டி, கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் எதுவும் கூடாது. ஜன்னல் திறந்திருக்கிறது, தீ அணைந்துவிட்டது என்ற சமாதானங்களும் கூடாது. கரி சிவப்பு மறைந்து சாம்பல் பூத்த பிறகும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டுதான் இருக்கும். 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அது அறை. வேன் அதைவிட எவ்வளவோ சின்னது.

தண்ணீர் காய்ச்சுவது வெளியே, வண்டியைவிட்டுத் தள்ளி. கொசுவத்தியும் வேண்டாம். மலை மேலே குளிர் காலத்தில் அதற்கு அவசியமும் இல்லை. வத்தலக்குண்டிலேயே ராத்திரி தங்கிவிட்டால் வலை கட்டிக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கும். வாங்கித் தலைப்பக்கம் வையுங்கள். அது பக்கத்து ஜெனரேட்டருக்காக. அலாரம் இருக்கிறதே என்று உள்ளே அடுப்பு மூட்டுவதற்கான அனுமதிச் சீட்டு கிடையாது.

10. நடு ராத்திரியில் விழிப்பு வந்தால்

குளிர்கிறது என்றால் இன்னொரு போர்வையைத் தேடும் முன் அடியில் கையை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புரண்டதில் ஃபோமைவிட்டு நழுவியிருப்பீர்கள். பையில் வெந்நீர் மாற்றுங்கள், இரண்டு கடலை மிட்டாய் சாப்பிடுங்கள், படுத்தபடியே கால்களை மடக்கி நீட்டுங்கள். வேர்க்கும் அளவுக்கு வேண்டாம். சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள், தூக்கமும் போகும். குல்லாவும் செருப்பும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்போடு விழித்தால் அது வேறு விஷயம். மலை ஏறியதால் வரும் தலைவலி என்று பலரும் புரண்டு படுத்துவிடுவார்கள். முதலில் கதவைத் திறந்து வெளியே வாருங்கள், பக்கத்தில் படுத்தவரையும் இழுத்து வாருங்கள். காரணத்தை வெளியே நின்று யோசிக்கலாம். கூட இருப்பவர் நடுங்கி நடுங்கி, பிறகு நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டது. கட்டடத்துக்குள் கொண்டுபோய், ஈர உடுப்பை மாற்றிப் போர்த்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கை காலைச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம்.

11. விடிந்ததும்

முதல் ராத்திரி எப்படியாவது கழிந்துவிடும். சோதனை இரண்டாம் ராத்திரிதான், முதல் நாள் ஈரத்தைக் காய வைக்காமல் சுருட்டி வைத்தவர்களுக்கு. வெயில் ஏறியதும் கிழக்குப் பக்கக் கதவைத் திறந்து, கம்பளிகளை உதறிக் கதவிலும் கயிற்றிலும் விரியுங்கள். ஃபோமைத் தூக்கி நிறுத்துங்கள். தகட்டையும் கண்ணாடியையும் துணியால் துடையுங்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால், கம்பளியை மட்டுமாவது ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டுப் போங்கள்.

முன் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் மிச்ச வெந்நீரை ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விழும். துணியால் வழித்தால் போதும். வண்டியை ஸ்டார்ட் செய்து நீண்ட நேரம் உறுமவிடத் தேவையில்லை. ஒரு நிமிஷம் விட்டு மெதுவாக நகர்த்தினால் ஓட்டத்திலேயே சூடாகும். இறங்கும் முன் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.